ஜெபக் குறிப்பு

மார்ச் 3

கர்த்தருக்குள் அன்பான மனைவிக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். நீயும் சின்னுவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நீங்கள் போனதிலிருந்து நாற்பது ஞாயிறு ஒன்றுவிடாமல் ஆராதனைக்குப் போயிருக்கிறேன். மழையில் எங்கள் பணிமனையிலிருந்து ஒரு பஸ்கூட வெளியே போகாத அன்றும் நடந்தே போனேன். குடியை விட்டதைப் பற்றிச் சபையில் சாட்சி சொன்னேன், பலர் அழுதார்கள். என்னை மூப்பராக்கப் பேச்சு நடக்கிறது. போதகர் எழுதித் தந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் காது குணமாக, சபையில் வாசிக்க ஜெபக் குறிப்பும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். நான் பழைய ஆள் இல்லை. வந்துவிடு.

உன் கணவன்

மார்ச் 15

சின்னுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன். போதகரின் கடிதம் வேலைக்கு மனுப் போடுபவர் வைக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

குடித்ததைச் சாட்சியாகச் சொன்னீர்கள். நீங்கள் அறைந்து என் இடது காது போன அன்று நீங்கள் குடித்திருக்கவில்லை.

பிரசவத்தில் வந்த காய்ச்சலால் காது போனதாக எல்லோரிடமும் சொன்னீர்கள். சின்னுவிடமும் சொன்னீர்கள். போன வாரம் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அம்மா, நான் பொறக்காம இருந்திருந்தா உனக்கு நல்லா கேட்டிருக்கும்ல?" பத்து வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

நான் வருவதும் வராததும் அப்புறம். உண்மையை உங்கள் கையால் அவளுக்கு எழுதுங்கள்.

சின்னுவின் அம்மா

ஏப்ரல் 2

கர்த்தருக்குள் அன்பான மனைவிக்கு,

ஸ்தோத்திரம். வேறெதையும் கேள், செய்கிறேன். ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார். அவர் மன்னித்ததை நீ ஏன் கிளறுகிறாய்? பிள்ளை அப்புறம் என் முகத்தில் விழிப்பாளா? மூப்பர் விஷயம் முடிவாகிற நேரம் இது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் கணவன்

ஏப்ரல் 10

சின்னுவின் அப்பாவுக்கு,

ஒன்றுதான் கேட்கிறேன். உங்களை மன்னித்தவரிடம் சின்னுவைப் பற்றியும் சொன்னீர்களா?

சின்னுவின் அம்மா

மே 6

சின்னு அம்மாவுக்கு,

போன ஞாயிறு போதகர் என் ஜெபக் குறிப்பை வாசித்தார். "காய்ச்சலால் காது கேளாமல் போன நம் சகோதரிக்காக" என்றார். மொத்தச் சபையும் முழங்கால் போட்டது. என் பக்கத்தில் தையல்கார அக்கா ஒருவர். உன்னைப் பார்த்ததுகூட இல்லை, உனக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.

எழுந்து, "காய்ச்சல் இல்லீங்க, நான் அடிச்சது" என்றேன். போதகர், "தம்பி, உட்காருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். உட்காரவில்லை. சின்னுவிடம் சொன்ன பொய்யையும் சொல்லி முடித்தேன். தையல்கார அக்கா பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். மூப்பர் பேச்சு இனி இல்லை.

இத்தனை ஞாயிறும் அங்கே போனேன். மனந்திரும்பவில்லை. இப்போதும் திரும்பிவிட்டேன் என்று சொல்லப் பயமாக இருக்கிறது.

சின்னுவுக்கு எழுதியது உள்ளே இருக்கிறது. நீ முதலில் படி. சரியில்லை என்றால் கிழித்துவிடு, மறுபடி எழுதுகிறேன்.

சின்னுவின் அப்பா

மே 19

சின்னுவின் அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. "அப்போது நீ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். நீ எதுவும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். சின்னு நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"அப்போ என்னால இல்லையா?"

"இல்லடி செல்லம்."

"உனக்குத் தெரியும்லம்மா? நீ ஏன் சொல்லல?"

அவளுக்கு அப்பா நல்லவராக இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்கள் பொய்யைப் பத்து வருஷம் நானும்தான் காப்பாற்றியிருக்கிறேன். மூன்று நாளாகத் தலையை அவளே பின்னிக்கொள்கிறாள்.

என்னைத் திரும்பி வரச் சொல்லி இந்தத் தடவை நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் நீங்கள் மனந்திரும்பிவிட்டதை நம்புகிறேன். யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த வீட்டுக்கு என்னால் வர முடியாது. இங்கே யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் இன்னும் என் கை தானாகக் காதுக்குப் போகிறது. அதற்கு நீங்கள் மாறியது தெரியாது.

சபைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

சின்னு உங்களுக்கு எழுதுவாளா, தெரியவில்லை. எழுதச் சொல்ல மாட்டேன்.

சின்னுவின் அம்மா