பீப் வந்ததும் எஸ்

3 நவம்பர் 2025, திங்கள்

லேப்டாப் இன்று "வெல்கம் விஜயன்" என்று சொல்லி முடிக்க நாலு நிமிடம். ஏழு வருடத்துக்கு முன் இதை அமைத்துக்கொடுத்த என் அண்ணன் விஜயன் தன் பெயரையே போட்டுவிட்டுப் போய்விட்டான். யோகேஸ்வரி என்று நான் ஒருத்தி இருப்பதே இதற்குத் தெரியாது.

கண் தெரியாத எனக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரல்தான் எல்லாம். இப்போது நான் ஒரு வரி அடித்து முடித்த பிறகுதான் அது முதல் எழுத்தைச் சொல்கிறது. ரிங்லெட் ஊரில் உள்ள விடுதிக்கு அறை கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்கு வீட்டிலிருந்தே பதில் போடுவது என் வேலை. இன்று ஒரு குடும்பத்துக்கு இரண்டு முறை பதில் போய்விட்டது. விடுதி மேனேஜர் பிரேமலா கோபப்படவில்லை. "இந்த வாரம் நான் பாத்துக்கிறேன். பத்தாந்தேதிக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லாட்டி வேற ஆளு பாக்கணும் லா" என்றார். அவர் திட்டியிருந்தாலே தேவலை.

4 நவம்பர், செவ்வாய்

அண்ணனுக்கு ஈப்போவுக்குப் போன் செய்தேன். "நீ ஒன்னத்தையும் தொடாத. டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு நான் வர்றேன்."

டிசம்பரா? போன தடவை அவன் சரி செய்துவிட்டுப் போனபோது குரலையே போட மறந்துவிட்டான். மூன்று வாரம் அது ஊமையாகக் கிடந்தது, நானும்தான். தொடாதே, தொடாதேன்னா நான் எதத்தான் தொடுறது?

தொடப்போகிறேன். பள்ளியில் ஒரே மேசையில் என்னோடு பிரெய்ல் படித்த குமுதா இப்போது கம்போங் ராஜாவில் இருக்கிறாள். அவளுடைய கிழட்டு லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறாள், தானே போட்டது, யார் கண்ணும் இல்லாமல். எனக்கும் ஒரு பென்டிரைவ் தயார் செய்து அனுப்பிவிட்டாளாம்.

5 நவம்பர், புதன்

பென்டிரைவ் வந்தது. கூடவே குமுதாவின் குரல் பதிவு: "பென்டிரைவ சொருகிட்டு ஆன் பண்ணு. எஃப் பன்னெண்ட விடாம தட்டு. அப்புறம் கைய எடுத்துட்டு காத்திரு. பீப்னு சத்தம் வரும். ஒன்னோ ரெண்டோ, மெசினப் பொறுத்து. வந்ததும் எஸ் அடி, எண்டர் தட்டு. அது பேச ஆரம்பிக்கும். பீப்புக்கு முந்தி மட்டும் அடிச்சிடாத."

ஏழு வருட நாட்குறிப்பையும் விடுதிக் கோப்புகளையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன். லினக்ஸ் ஏறினால் பழையது எல்லாம் அழிந்துவிடும். சோறு வடித்து, துணி காயப்போட்டு, பத்தரை மணிக்கு உட்கார்ந்தேன். இரண்டு பீப் வந்தது. எஸ், எண்டர். பேச்சே இல்லை.

6 நவம்பர், வியாழன்

இன்றும் அதே பத்தரை, அதே இரண்டு பீப். எஸ், எண்டர். மூச்சுக் காட்டவில்லை. பதற்றத்தில் கண்ட பொத்தானையெல்லாம் தட்டினேன், ஒன்றும் இல்லை. குமுதா, "பீப் வந்துச்சுன்னா பேசியாகணுமே" என்கிறாள். அப்படியானால் என்னிடம்தான் கோளாறா? அண்ணன் சொன்னதுதான் சரியா? கண்ணீர் வந்துவிட்டது. சரி, வந்தது வந்தது, எழுதிவைக்கிறேன்.

7 நவம்பர், வெள்ளி

மணி 10.40. லேப்டாப்பை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து, இதைப் பிரெய்ல் தாளில் குத்திக்கொண்டிருக்கிறேன். பீப் பீப்.

அதே நாள், மாலை

லாரி! என் வீட்டுக்காரர் சுகுமாரன் ஓட்டும் தேயிலைக் கொழுந்து லாரி! போன மாதம் வந்த புது வண்டி. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தினமும் பத்தரை வாக்கில் பின்னால் எடுத்து நிறுத்துகிறார். அதற்குத்தான் இரண்டு நாளாக எஸ் அடித்திருக்கிறேன்.

சாப்பிட வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "நான் என்னா பண்ணேன்? ரிவர்ஸ் போட்டா அது கத்தும் லா" என்றார். பிறகு அடக்க முடியாமல், "லாரிக்கு எஸ் போட்டியா நீ?" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். உடனே மறுபடி முயலலாம் என்றால் மழைக்கு கரண்ட் போய்விட்டது. பேட்டரி எப்போதோ செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. லாரியும் கத்தாது.

9 நவம்பர், ஞாயிறு

இதைப் புது லினக்ஸில் எழுதுகிறேன்!

காலை ஒன்பது மணி. வீட்டுக்காரர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எஃப் பன்னிரண்டு. காத்திருந்தேன். ஒரே ஒரு பீப், மெல்லியதாக, என் மடியிலிருந்து. எஸ். எண்டர். கொஞ்ச நேரம் கழித்து தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆங்கிலத்தில் ஒரு குரல். மொழி எது, ஊர் எது என்று எண் போட்டுப் போட்டுக் கேட்டது. இவ்வளவு அசிங்கமான குரலை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை.

ஹார்ட் டிஸ்கில் உள்ளதை எல்லாம் அழிக்கட்டுமா என்றது. "நான் பாத்து சொல்லவா?" என்றார் இவர். "வேணாம்" என்றேன். ஒன்று என்றால் ஆம். ஒன்றைத் தட்டினேன்.

முழுப்பெயர் கேட்டது. அடையாள அட்டையில், ஐசியில், இருப்பதுபோலவே அடித்தேன். இன்னார் மகள் என்பதற்கு நம் ஐசியில் போடும் ஏ, சாய்கோடு, பி உட்பட. முடிந்து மறுபடி திறந்தபோது அது என்னைக் கூப்பிட்டது: "யோகேஸ்வரி ஏ ஸ்லாஷ் பி சின்னையா." அப்பா பெயரை "சின்னாயா" என்று கொன்றது. பரவாயில்லை. விஜயன் போய்விட்டான்.

10 நவம்பர், திங்கள்

பதினேழு மின்னஞ்சல். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில்தான் போனது.

2 டிசம்பர், செவ்வாய்

பிரேமலா போன் செய்தார். விடுதி ஆபிஸ் கம்ப்யூட்டரும் இழுத்துக்கொண்டு கிடக்கிறதாம். "ஒங்களுக்குப் போட்டுக் குடுத்தாரே ஒரு ஆளு, அவர இங்க அனுப்ப முடியுமா?"

"வியாழக்கிழமை வருவாங்க."

"நல்ல ஆளுதானே?"

"கொஞ்சம் அழுவாங்க. மத்தபடி பொலே லா, செஞ்சிடுவாங்க."

பிரேமலா, "ஐயோ, யோகேஸ்வரி!" என்றார்.

ரிங்லெட் பக்கம் போகும்போது லாரியிலேயே என்னை விட்டுவிடுவதாக இவர் சொல்கிறார். வாசலில் இறக்கிவிட்டு நேராகப் போய்விட வேண்டும், ரிவர்ஸ் மட்டும் எடுக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.