கட்டில் காலுக்கு நாலு செங்கல்

டோல்கேட் பக்கத்தில் இருக்கிற சைக்கிள் கடையில் இன்று காலை பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, அந்த இடத்தைத் தேய்த்தார். தேய்த்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, மாமு.

"குந்து சார், அஞ்சு நிமிசம் ஆவும்" என்று ஸ்டூலைத் தள்ளினார். என்னால் உட்கார முடியவில்லை. நீ போன இந்த நாலு வருஷமாகவே ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. இதைக்கூட அலமாரித் தட்டில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். என் சம்சாரம் இரண்டு தடவை எட்டிப்பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

துறைமுகத்தில் நீ கிரேன் ஓட்டினாய். நான் கீழே நின்று, நீ இறக்குகிற மூட்டைகளுக்கு நோட்டில் கோடு போட்டேன். பத்தாவதை இரண்டு தவணையில் முடித்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். உன் கண்ணாடிக் கூண்டுக்குப் போக இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் சாப்பாட்டு நேரம்வரை இறங்க மாட்டாய். "மேலேர்ந்து பாத்தா எல்லாரும் எறும்பு மாதிரி கீறீங்க. அதுல நோட்டு புடிச்ச எறும்பு நீ" என்பாய். ராயபுரத்தில் ஆகாயத்துக்குப் போய் வருகிற ஒரே ஆள் நீதான் என்று உனக்கு ஒரு கர்வம்.

அந்த ஏணியில்தான் ஒரு மழை நாளில் வழுக்கினாய். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, கட்டிலின் கால்பக்கத்தைக் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடந்துவிட்டு, எர்ணாவூரில் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாய்.

எலும்பு கூடிவிட்டது, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகு என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ நிற்கவில்லை. தொடை இளைத்து, முழங்கால் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. "என் காலு மாதிரியே இல்ல மாமு. வேற யாரோ வூட்லேர்ந்து எட்தாந்து வச்ச மாதிரி கீது" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினாய்.

ஆபீஸில் மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஏணி ஏறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் துறைமுக கேட்டில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். உன் சம்சாரம் என்னை மாடிப்படியில் மடக்கி, "நீ சொன்னாத்தான் கேக்கும் தம்பி. எப்பிடியாச்சும் எழுப்பி நிக்க வையி. நாக்காலில குந்த வச்சா இந்த மன்சன் செத்துடும்" என்றார். நானும் தைரியமாக, "என்கிட்ட வுடு யக்கா" என்றேன். என்னிடம் விட்டதுதான் தப்பு.

அப்போது என் மகள் பதினொன்றாவது படித்தாள். பள்ளிக் கண்காட்சிக்காக, விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பத்திரிகைத் துண்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும் படித்தேன். மேலே உடம்புக்கு எடை கிடையாதாம். கால்களுக்கு வேலை கிடையாதாம். எலும்பு மெலிந்து, தொடை இளைத்து, திரும்பி வந்ததும் நிற்க முடியாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவார்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது அப்படியே உன் கதை!

அடுத்த பக்கத்தில் ஒரு படம். ஒருவன் கட்டிலில் படுத்திருக்கிறான். தலைப்பக்கம் தாழ்ந்து, கால்பக்கம் உயர்ந்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளைக் கோட்டுக்காரர்கள். கீழே பொடி எழுத்தில் பத்து வரி. கண்ணாடியைத் தேட எனக்குச் சோம்பல். ஆஸ்பத்திரியிலும் உனக்கு இப்படித்தானே கால்பக்கம் உயர்த்தியிருந்தார்கள்! வைத்தியம் இதுதான் என்று பொடி எழுத்தை எல்லாம் நானே மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே கீழே கட்டட வேலை நடந்த இடத்தில் கேட்டு வாங்கி, நாலு செங்கல் சுமந்து உன் இரண்டு மாடி ஏறினேன். கால்பக்கத்துக் கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு.

"இன்னாடா இது, என்னை கடல்ல எறக்கப் போறியா?"

"ராக்கெட்ல போறவனுக்கு செய்ற வைத்தியம் மாமு. படம் போட்டு கீது."

"அப்டியா?" உன் முகம் மலர்ந்துவிட்டது. "யேய், கேட்டுக்க! எனக்கு ராக்கெட் வைத்தியமாம்! ராக்கெட்ல நாஸ்டாவுக்கு இன்னா குடுப்பாங்க?"

"வாய மூடிகினு படுத்தா இட்லி குடுப்பாங்க" என்று உள்ளேயிருந்து யக்கா குரல் வந்தது.

ஒன்பது நாள். கை கழுவ, சாப்பிட, நிமிர்ந்து உட்கார்கிற நேரம் தவிர, அந்தச் சரிவிலேயே கிடந்தாய். மூன்றாம் நாளே முகம் உப்பிவிட்டது. மூக்கு அடைத்தது, தலை வலித்தது. "வைத்தியம் புடிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றேன் நான். பார்க்க வந்த டாக்டர் முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டதற்கு, "கொசு பேஜாரு சார்" என்று சொல்லிவிட்டாய். அவர் வருகிறார் என்றதும் செங்கல்லை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னதும் நீதானாம். என்னை யாரும் திட்டிவிடக் கூடாதென்று.

பத்தாம் நாள் என் மகளும் மீன்குழம்புத் தூக்கோடு கூட வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, கட்டிலுக்குக் கீழ இன்னா அது?"

"உன் நோட்டுல பாத்ததுதான். அந்தப் படம்."

அவள் தூக்கைத் தரையில் வைத்தாள். "ஐயோ, அது வைத்தியம் இல்லப்பா! நல்லா கீற ஆளை அப்டி படுக்க வச்சி, மேல போனா உடம்பு எப்டி கெடும்னு பாக்குறது. எய்தி கீதே, படிக்கலியா?"

யக்கா என்னைப் பார்த்தார். நான் செங்கல்லைப் பார்த்தேன். நீ உப்பின முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கஸ்மாலம்!" என்றாய். "ஒம்போது நாளா என்னை மேல அனுப்பிகினு இருந்தியாடா?" கட்டில் குலுங்கச் சிரித்தாய். சிரித்து முடித்து, அவள் பக்கம் திரும்பி, இறங்கின குரலில் கேட்டாய்: "சரி கண்ணு. கீழ எறங்க இன்னா வழி?"

"எடை மாமா. எடை வுழுந்தாத்தான் எலும்பு கெட்டிப்படும். அவங்க மேல ரப்பர் பட்டியால உடம்ப இய்த்துக் கட்டிகினு ஓடுவாங்க. அப்டியும் கீழ எறங்கினதும் நாக்காலில வச்சித்தான் தூக்கினு வருவாங்க. நீங்க டாக்டர் சொன்ன மாதிரி கால ஊனி நிக்கணும். அவ்ளோதான்."

டாக்டரும் அதைத்தான் முதலிலேயே சொன்னார். நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவார்கள் என்று அவள் சொன்னதுதான் உனக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நான் போய்ப் பழைய சைக்கிள் டியூப் வாங்கி வந்தேன். இந்தத் தடவை டாக்டரிடம் கேட்டு, அவர் காட்டியபடி கட்டிலில் கட்டினேன். படுத்தபடியே அதைப் பாதத்தால் தள்ளித் தள்ளிப் பழகினாய். வீடு முழுக்க ரப்பர் வாசனை. பிறகு என் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கத்துவேன்: "எடைய என் மேல போடாத மாமு, கால்ல போடு!" நீ கேட்டதே இல்லை. "தோஸ்துன்னு எதுக்குடா கீற?" என்பாய்.

கெடு முடிகிற அன்று ஏணி ஏறினாய். கீழே நாங்கள் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். பாதிவரை நன்றாகப் போனாய். அங்கே நின்றாய். தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, என் தோளில் கை போட்டு, "இன்னும் பத்து நாள் இருந்தா ஏறியிருப்பேன் மாமு" என்றாய். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உனக்கு அப்படிப் பேசத் தெரியாது. நான்தான் அதிலிருந்து ஒன்பதைப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டேன்.

கேட்டில் நாற்காலி போட்டார்கள். லாரிக்காரர்களைக் கிண்டல் செய்துகொண்டு இரண்டு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தாய். பிறகு ஒருநாள் மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. அதற்கும் கட்டிலுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இன்னொரு டாக்டரையும் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். மகளும் சொல்லிவிட்டாள். எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நீ மட்டும்தான் சொல்லவில்லை.

போன வாரம் டிவியில், மேலே போய்த் திரும்பிய ஒருவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். இப்போதெல்லாம் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைத்தான் படிக்கிறேன். கரண்ட் பில்லின் பின்பக்கத்தைக்கூட விடுவதில்லை.

உன்னைத் தூக்கிய நாலு பேரில் நான் முன்னால் நின்று வலது தோள் கொடுத்தேன். இரண்டு மாடி இறங்குகிறபோது பாடை என் பக்கம் சரிந்தது. "கால்ல போடு மாமு" என்று வாய்வரை வந்துவிட்டது. அன்றைக்கும் நீ கேட்கவில்லை. மொத்த எடையையும் என் மேலேயே போட்டுவிட்டாய்.

எடை விழுந்தால்தான் எலும்பு கெட்டிப்படும் என்றாளே மகள், அது மெய் என்றால், என் உடம்பிலேயே கெட்டியான எலும்பு அந்த வலது தோளில்தான் இருக்க வேண்டும்.