குடைக்கு மேலே கம்பி

மார்ச் 11

வாசலில் உதிர்ந்த வேப்பம்பூவைப் பார்க்க முடிகிறது; மரத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணாந்தால் பிடரியிலிருந்து வலது தோள்வரை இழுக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றதிலிருந்து கைப்பேசியில் ரயில் பார்க்கிறேன். பனிமலைகளுக்கு நடுவே, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்த படங்கள். குனிந்தபடி மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்கிறேன். உத்திரமேரூரைத் தாண்டி நான் அதிகம் போனதில்லை.

சித்திரையில் கருட சேவை. பெருமாளுக்கு வலப்பக்கக் குடை பிடிப்பது எங்கள் வீட்டு முறை. பிடிப்பவன் அண்ணாந்தே நடக்க வேண்டும். தெருவுக்குக் குறுக்கே மின்கம்பிகள். கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள்தான். ஆனால் குடைப் பட்டு கம்பியில் சிக்கினால், ஊர் பார்க்கப் பெருமாளே நிற்க வேண்டும் — என்னால்.

மார்ச் 14

பிசியோதெரபி பார்க்கும் பர்சானாவிடம் போனேன். மோவாயைப் பின்னுக்கு இழுப்பது, தோள்பட்டைகளைச் சேர்ப்பது, சுவரில் கையை ஏற்றுவது. மறந்துவிடுவேன் என்றேன். வீடியோ அனுப்பினாள்.

மார்ச் 22

தவறாமல் செய்கிறேன். வலி கூடியிருக்கிறது. நான் எதைச் செய்தாலும் இப்படித்தானோ?

மார்ச் 23

பர்சானா செய்துகாட்டச் சொன்னாள். கைப்பேசியை மடியில் வைத்து, வீடியோவைப் பார்த்தபடியே மோவாயை இழுத்தேன். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத்தினி நாளா குனிஞ்சிக்கினேதான் பண்ணிக்கினு இருந்தீங்களா சார்? போனை வூட்டம்மா கையில குடுத்துடுங்க. எதிர்ல சுவத்தப் பாருங்க."

கொடுத்துவிட்டேன். மாலையில் ரங்கநாயகி ரயில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 9

ஏரிக்கரையில் தோளைச் சேர்த்து நின்றேன். நாரைகள் மேலே போயின. தலை அவற்றோடு கொஞ்ச தூரம் போயிற்று. நிற்பது கரையிலா, தண்ணீரிலா என்றே தெரியவில்லை. வலி இல்லை!

கைதான் காதுக்கு மேல் ஏறினால் நடுங்குகிறது. தோளுக்கு இன்னும் மாதங்கள் ஆகும் என்று பர்சானா மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 20

அண்ணாவின் பிள்ளை அஸ்வத் சென்னையிலிருந்து வந்திருக்கிறான். குடையை நீ பிடி என்று சொல்லப் போய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 21

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

கருட சேவை. விடியுமுன் கோபுர வாசலில் குடையைத் தூக்கினேன். சன்னதித் தெரு முடிவதற்குள் கை விட்டுப்போயிற்று. கழியை அஸ்வத் பக்கம் சாய்த்தேன், வாங்கிக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் முனகினான்.

"சித்தப்பா, அண்ணாந்து பார்க்க முடியலை. நாள் பூரா போனும் லேப்டாப்பும்தானே. கம்பி எங்க இருக்குன்னே தெரியலை."

முன்னால் போனேன். அண்ணாந்தேன்.

"தாழ்த்து."

வெண்பட்டு இறங்கிற்று.

"தூக்கு."

தெரு முழுவதும் இப்படியே. தீவட்டிப் புகைக்கு மேலே, கம்பிகளுக்கு இடையில், வானம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. கால் எங்கே படுகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 25

அஸ்வத் சென்னைக்குக் கிளம்பவில்லை. பர்சானாவைப் பார்க்கப் போயிருக்கிறான். நான் கோயில் ஆபீசுக்குப் போய், இனிக் குடை அவனுக்கு, கம்பி பார்ப்பது எனக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். குரல் நடுங்கவில்லை என்றே நினைக்கிறேன்.