ஒன்பதாம் கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெனிட்டா எழுதுகிறேன். முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? அப்பா கடலுக்குப் போகிறாரா? இங்கே கணபதி பகுதியில் என் அறை வசதிதான். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். பெரிதாக ஒன்றுமில்லை.

எங்கள் உளவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேள்வித்தாளை மாணவர்களுக்குக் கொடுக்குமுன் நாங்களே பெயர் போடாமல் நிரப்பிப் பார்ப்போம். செவ்வாயன்று நானும், ஆராய்ச்சி மாணவர் ரூபன் அண்ணனும், அட்டெண்டர் ராமாத்தாள் அக்காவும் நிரப்பினோம். கணினியில் ஏற்றுவது என் வேலை. ஒன்பதாம் கேள்வி, ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ இரண்டு தாளில் ‘இல்லை’. ஒன்றில் ‘அடிக்கடி’.

அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மதியம் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் சண்முகப்பிரியா மேடத்திடம் சொன்னேன். “யாரா இருந்தாலும் எங்கிட்ட வாங்க, கதவு தெறந்தே இருக்கும்” என்றார் எல்லோரிடமும்.

மாலையில் அக்கா மேடத்தின் அறைக்குப் போனார். “அது என்னோட தாளுங்க மேடம்” என்று அழுதது என் மேசைவரை கேட்டது. அப்பாடா, தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் வெளியே வந்ததும் ரூபன் அண்ணன் எழுந்து போனார்.

“மேடம், நான் இல்லைன்னு பொய் எழுதிப்போட்டனுங்க.”

கருவாடு வேண்டாம் அம்மா. உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு, துவைக்காமல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வேலை இருக்கிறது என்று சொன்னாலும் வைத்துவிடாதே.

மூன்றாவது தாள் என்னுடையது. அதிலும் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது. காலையில் மேடத்தைப் பார்க்கப் போகிறேன்.

உன் ஜெனிட்டா