முகம் வரையாத படம்

சதுரங்கப்பட்டினம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சங்கவிக்கு அம்மா எழுதுவது. கங்கையம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உயிரோடு நன்றாக இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற ஏழு மாதப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். இதை உட்கார்ந்துகொண்டு படி. போனில் நீ அழுகிறாய், நானும் அழுதுவிடுகிறேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது, அதனால்தான் கடிதம். இடது கையில் இருபது தையல், எழுதுகிற கைக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நீ அனுப்பின அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு உன் படக் கண்காட்சியைப் பார்க்க மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். உன் அப்பா முட்டி வலி என்று வரவில்லை. கேலரியைப் பார்த்துக்கொள்கிற வைஷாலி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். முப்பத்திரண்டு படம், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன். நம் வீட்டு அம்மி, வலை கட்டுகிற அப்பாவின் முதுகு, டச்சுக் கோட்டைச் சுவரில் நீ ஏறி உட்காருகிற இடம், எல்லாம் பென்சிலில் அப்படியே இருந்தது, இந்தப் பெண்ணுக்கு இத்தனை ஞாபகமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசிச் சுவரில்தான் அந்தப் பெரிய படம், அது மட்டும் வண்ணத்தில். வலைக் குவியல், சிவந்துபோன மணல், மண்டை பிளந்து கிடக்கிற வடக்குக் குப்பத்து லட்சுமணன், அவன் மேல் துடுப்பை ஓங்கி நிற்கிற ஆள். சுருக்குவலை போடுவது பற்றிய தகராறில் வடக்குக் குப்பத்தாரும் நம் ஆட்களும் வெட்டிக்கொண்ட அந்தக் காலை. ஒன்பது வயதுப் பிள்ளையாக நீ, கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பார்த்தது பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியாது. ஓங்கினவனுக்கு நீ முகம் வரையவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டாய். ஆனால் கையை வரைந்துவிட்டாயே கண்ணு. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. கரையில் நாம் ஆளை அடையாளம் சொல்வதே கையை வைத்துத்தானே, கயிறு அறுத்த கை, கெளுத்தி குத்தின கை என்று. என் தம்பி, உன் ஜெகதீசன் மாமாவுக்கு இஞ்சின் கயிற்றில் விரல் போனது குப்பத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

மீன் விற்க வந்த தெய்வநாயகி, லட்சுமணன் பெண்சாதி, உன் பேரைக் கேள்விப்பட்டுக் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். படத்தில் புருஷனைப் பார்த்தாள், பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'இன்னா ஆதி, உன் தம்பி உன் வூட்ல கஞ்சி குடிச்சிகினு இருந்தான்னு கற்பூரத்த அணைச்சியே, அப்ப இது யாரு கை' என்று கேட்டாள். சாட்சி இல்லாமல் கேஸ் தள்ளுபடியான பிறகு இரண்டு குப்பத்துப் பஞ்சாயத்தாரும் கோயிலில் கூடி என்னைத்தான் சத்தியம் கேட்டார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும், எரிகிற கற்பூரத்தை நான் உள்ளங்கையால் அணைத்தபோது நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாய் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் போய் ஒரு மணி நேரத்தில் சேதி கேட்டு உன் மாமா மீன் அரிகிற கத்தியோடு வந்தான். தடுத்த வாட்ச்மேனை நெஞ்சில் எட்டி உதைத்தான், அவர் கண்ணாடிக் கதவோடு விழுந்தார். கடல் படம் இரண்டையும் குறுக்கே கிழித்தான், அப்பாவின் முதுகைக் கிழித்தான். வைஷாலியைத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் பெரிய படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டேன். 'நகுந்துக்கோக்கா, இல்லனா உன்னியும் சேத்துக் கிழிச்சிடுவேன்' என்றான். நான் தூக்கி வளர்த்தவன் சங்கவி. நகரவில்லை. கையைக் குறுக்கே வைத்தேன், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்துவிட்டான். ரத்தத்தைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான், இன்னும் வீட்டுக்கு வரவில்லை. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வைஷாலிக்கு நெற்றி வீக்கம்தான், வாட்ச்மேனுக்கு விலா எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, அவருக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். பெரிய படத்தின் கீழ்ப்பக்கம் என் ரத்தம் பட்டிருக்கிறது, வைஷாலி துடைக்க வந்தாள், உன்னைக் கேட்காமல் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மாமாவின் பெண்சாதி, உன் அத்தை கண்ணகி, நேற்று வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். 'உன் பொண்ணு வெளிநாட்ல சொகுசா குந்திகினு என் தாலிய அறுக்கறா, ஆவணில என் பொண்ணு பிரியங்காவுக்குக் கல்யாணம் வச்சிக்கீறேன், யாரு வருவான்' என்று கேட்டாள். நீயும் போனில் படத்தைக் கழற்றச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் கற்பனை என்று எழுதித் தருகிறேன் என்கிறாய். வேண்டாம். அது கற்பனை இல்லை. தம்பிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு நானும் அன்று கரைக்குப் போனேன். விழுந்து கிடந்தவனை அவன் மூன்று முறை அடித்தான், இரண்டாவது அடியிலேயே லட்சுமணனின் கால் உதறுவது நின்றுவிட்டது. கஞ்சித் தூக்குவாளியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இன்று காலை தெய்வநாயகியைக் கூப்பிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கற்பூரம் ஏற்றி, அம்மா அன்று நான் பொய் சொன்னேன் என்று அவள் காதில் விழும்படி சொன்னேன். கற்பூரத்தை அணைக்கவில்லை, அது எரிந்து தீரும் வரை இருவரும் நின்றோம். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள். நாளை உன் அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன். பொய்ச் சத்தியத்துக்கு எனக்கு என்ன வருமோ அது வரட்டும், பிள்ளைப்பேற்றுக்கு நான் வர முடியாமல் போனால் மாப்பிள்ளையின் அம்மாவை முன்னதாகவே வரச் சொல்லிவிடு. ரொம்ப நேரம் நின்றுகொண்டு வரையாதே, இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. அம்மன் உன்னையும் பிள்ளையையும் தன் மடியில் வைத்துக் காப்பாற்றுவாள்.

மறந்துவிடப் போகிறேன், படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. மாமா கட்டியிருந்த லுங்கிக்கு நீ பச்சை போட்டிருக்கிறாய். அது நீலம், வெள்ளைக் கட்டம் போட்டது. நான்தான் அதைக் கிணற்றடியில் நாலு தண்ணீர் அலசினேன். வைஷாலியிடம் சொல்லியாவது அதை மாற்றிவிடு, நாளைக்கு நான் சொல்லப்போவதும் உன் படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அ. ஆதியம்மாள்