முட்டு எடுத்த கூரை

என்னங்க, பின்னறைப் பக்கம் போகாதீர்கள். புதிதாகப் போட்ட கூரை இடிந்து விழுந்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. பாப்பா எதிர்வீட்டில் இருக்கிறாள்.

காலையில் நம் பழைய கான்ட்ராக்டர் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, "எதுவா இருந்தாலும் நாளைக்கு மத்தியஸ்தர் முன்னாடி பேசிக்கலாம்" என்று கதவைச் சாத்தப் போனேன்.

"கேஸ் கிடக்கட்டும்மா. காங்கிரீட் இறுகுறதுக்குள்ள உங்க புது மேஸ்திரி கூரையைத் தாங்குற முட்டுக்கம்பெல்லாம் எடுத்துட்டாராமே. உள்ள யாரும் போகாதீங்க" என்றார்.

நான் காதில் வாங்கவில்லை. "எங்க வீட்டை எங்களுக்குப் பார்த்துக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க அந்த அறைக்குள்ளேயே போனேன். மேலே ஏதோ முறிகிற சத்தம். கான்ட்ராக்டர் ஓடி வந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். அவர் கால் உள்ளே மாட்டிக்கொண்டது.

முட்டுக்கம்பை எப்போது எடுப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும் என ஒப்பந்தத்திலேயே இருந்தது. 'இழுத்தடிக்கிறான்' என்று நீங்கள் ஆளை மாற்றினீர்கள், நானும் தலையாட்டினேன்.

அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. மேஸ்திரி வந்தால் உள்ளே விடாதீர்கள்.

பி.கு: வண்டியில் ஏற்றும்போதும், "குழந்தை உள்ள இல்லையே?" என்றுதான் கேட்டார்.

மத்தியஸ்தருக்கு போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். என்றைக்கு வைத்தாலும் நான் அவர் பக்கம்தான் உட்காருவேன். உங்களுக்கும் அங்கேயே இடம் பிடித்து வைக்கிறேன்.