அம்மா உடைத்த சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

நம் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கச் சம்மதித்துவிட்டார்கள். பட்டியலைத் தயாரிக்கும் குழுவின் செயலாளர் கையெழுத்திட்ட கடிதம் நேற்று வந்தது. ஒரே நிபந்தனை: சமையலறையின் மேற்கு ஜன்னலை அடைத்துச் சுவரைப் பழையபடி ஆக்க வேண்டும். அதற்கு நீ கொடுத்த ஒப்புதலையும் இணைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பட்டியலில் சேராவிட்டால் சாலை விரிவாக்கத்தில் வீடு இடிபடும் என்று பயந்திருப்பாய். பயம் நியாயம்தான். ஆனாலும் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

போன மாதம் குழுவினர் மூன்று பேர் பார்வையிட வந்திருந்தார்கள். கட்டடக்கலைப் பேராசிரியர், பாடப் புத்தகங்களில் எல்லாம் வரும் அந்தப் புகைப்படத்தை நீட்டினார். முப்பதடி வெள்ளைச் சுவர், ஒரு பொத்தல்கூட இல்லை. "நவீன வீடுன்னாலே இந்தச் சுவரைத்தாங்க காட்டுவோம். யாரோ விவரம் தெரியாதவங்க ஓட்டை போட்டுட்டாங்க" என்றார். "அந்த விவரம் தெரியாதவங்க எங்கம்மாதான். உக்காருங்க, டீ போடறேன்" என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்து அடுப்பில் நாலு மிளகாயையும் வறுத்தேன். டீ கொதிப்பதற்குள் மூவரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள்.

அந்தப் படம் நாம் குடிபோவதற்கு முன் எடுத்தது. அதுவரை அங்கே யாரும் ஒரு வேளைகூடச் சமைத்ததில்லை. அப்பா வெளியூர் போயிருந்த நாளில் அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்தாள். வீட்டை வடிவமைத்தவர் கோபத்தில் இரண்டு வருடம் நம் வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து ஜன்னலோரம் வெகுநேரம் நின்றார். "இந்த உயரம் யாரு சொன்னது?" என்றார். "என் முழங்கை சொல்லுச்சு" என்றாள் அம்மா. அவர் டேப்பை எடுத்து அளந்து, குறித்துக்கொண்டு போனார்.

ஒன்பது வயதில் நான் பார்த்ததை யாரும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். அதனால் இந்த வாரம், அதற்குப் பிறகு அவர் கட்டிய மூன்று வீடுகளுக்கும் டேப்போடு போனேன். மூன்றிலும் சமையலறை ஜன்னல் தரையிலிருந்து மூன்றடி மூன்று அங்குலம். நம் வீட்டிலும் அதேதான். அவர் வீடுகளுக்குள் காற்று வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான் என்று பேராசிரியரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஏன் என்று தெரியவில்லையாம். இப்போது தெரிந்துகொள்ளட்டும், அளவுகளை இன்று காலை நேரில் கொடுத்துவிட்டேன்.

ஜன்னலோடு சேர்த்தால் சேர்க்கட்டும். இல்லையென்றால் அவர்கள் பட்டியலும் வேண்டாம், வாசலில் மாட்டும் பலகையும் வேண்டாம். இடிக்க வருகிறவர்கள் அந்த ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு இடிக்கட்டும்.

பேராசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் ஆட்சேபித்ததால் மறு விசாரணை வைத்திருக்கிறார்கள், பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு. உன் ஒப்புதலைத் திரும்பப் பெறும் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அது பதினேழுக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும்.

அம்மா உன்னிடம் சொன்னதில்லை. அந்த வருடம் நீ கைக்குழந்தை. அடுப்புப் புகையில் உனக்கு மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வைத்த வாரத்தில் நின்றது.

நன்றாக இரு, தம்பி. கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

உன் அக்கா